சுருட்டை முடியும் கடைமடைத் தண்ணீரும்

கேள்வி கேட்ட சகோதரி எழுதியிருப்பதன் சுருக்கம் இது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர்கள் குடும்பம் திருவையாற்றிலிருந்து திருத்துறைப்பூண்டிப் பக்கம் குடிமாறி வந்திருக்கிறது. பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி. ஊர் மாறிய பிறகு அது முன்பைவிட முரடாகவும் சிக்காகவும் ஆகிவிட்டதால், ஓராண்டுக்கு முன் உறவினர் சொல்லிக் கேட்டு ஸ்ட்ரெய்ட்டனிங் செய்திருக்கிறார்கள். இப்போது வேர்ப்பக்கம் சுருளும் நுனிப்பக்கம் நேர்முடியுமாக இரண்டுங்கெட்டானாக நிற்கிறது. எண்ணெய் வைத்துப் படிய வாரினாலும் பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் பரந்துவிடுகிறது. வரும் தையில் சித்தியின் திருமணம் இருப்பதால் மறுபடியும் நேராக்கிவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. மகளோ கண்ணாடி முன் நிற்கவே விரும்புவதில்லை. என்ன செய்வது?

மறுபடியும் நேராக்க வேண்டாம் என்பதே என் பதில். வேதியியல் படித்துவிட்டுக் கும்பகோணத்தில் பல ஆண்டுகளாக அழகு நிலையம் நடத்தி வருகிறேன். எனக்கும் சுருட்டை முடிதான். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிச் சென்ற ஒரு செய்தியில்தான் பாதி விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். திருவையாற்றில் இருந்தவரை இவ்வளவு மோசமில்லை என்கிறீர்கள். மகளின் முடி அதேதான், மாறியது தண்ணீர். தண்ணீரையும், சீப்பையும், உலர்த்தும் முறையையும் மாற்றிப் பார்க்காமல் முடியின் மேல் குற்றம் சுமத்துவது நியாயமில்லை.

முதலில் முடி ஏன் சுருள்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அது தெரிந்துவிட்டால் எந்த எண்ணெய் தடவினால் சுருள் போகும் என்ற கேள்விக்கே இடமிருக்காது. தோலுக்கடியில் முடி முளைக்கும் குழி நேராக இருந்தால் முடி நேராக வளர்கிறது. அந்தக் குழியே வளைந்திருந்தால் முடியும் வளைந்துதான் வெளியே வருகிறது. சுருட்டை முடியைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் அது வட்டமாக இல்லாமல் சற்றுத் தட்டையான நீள்வட்டமாகத் தெரியும். இந்த அமைப்பு பரம்பரையாக வருவது. மொட்டை போட்டால் நேராக முளைக்கும் என்று நம்பி வைத்தீஸ்வரன் கோயிலுக்கு அழைத்துச் செல்கிறவர்கள் உண்டு. வேண்டுதலுக்காகப் போவது வேறு, ஆனால் சவரக்கத்தி தோலுக்கு மேலே இருப்பதைத்தான் எடுக்கும், அடியிலுள்ள குழியைத் தொடாது. சிறு வயதில் நேராக இருந்த முடி பருவ வயதில் சுருள்வதும், பிள்ளைப்பேற்றுக்குப் பின் சுருள் தளர்வதும் உடலின் உள்மாற்றங்களால் நடப்பவை.

முடியின் புரதமான கெரட்டினுக்குள் இரண்டு வகைப் பிணைப்புகள் நம் பேச்சுக்கு முக்கியமானவை. ஒன்று கந்தக அணுக்களுக்கு இடையிலுள்ள வலுவான பிணைப்பு. சுருளின் நிரந்தர வடிவத்தைத் தாங்குவது அதுதான். இன்னொன்று ஹைட்ரஜன் பிணைப்பு. அது தண்ணீர் பட்டாலே அவிழ்ந்து, காயும்போது முடி எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில் மறுபடியும் கட்டிக்கொள்ளும். ஈரத் தலையைப் படிய வாரிப் பின்னினால் அப்போதைக்குப் படிந்திருப்பதும், காற்றிலுள்ள ஈரம் ஏறியவுடன் எழும்பி நிற்பதும் இதனால்தான். உங்கள் மகளின் முடி பள்ளிக்குப் போகும் வழியில் பரந்துவிடுவதில் அவளுடைய சோம்பலோ உங்களுடைய கவனக்குறைவோ எதுவும் இல்லை.

நேராக்கும் ரசாயனம் தாக்குவது முதலாவது பிணைப்பை. ரீபாண்டிங் என்ற பெயரில் பூசப்படும் களிம்பிலுள்ள அம்மோனியம் தயோகிளைகோலேட் கந்தகப் பிணைப்புகளை உடைக்கிறது. சூடான இரும்புத் தகடுகளுக்கிடையே முடியை இழுத்து நேராக்கிய பின், ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த இரண்டாவது களிம்பு அந்தப் பிணைப்புகளை நேர் நிலையிலேயே மறுபடியும் பூட்டுகிறது. உடைந்தவை எல்லாம் திரும்பப் பூட்டிக்கொள்வதில்லை என்பதால் ஒவ்வொரு முறையும் முடி கொஞ்சம் பலவீனமாகிறது. வேர்க்குழி மாறாததால் புதிதாக முளைப்பது சுருளாகத்தான் முளைக்கும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், ஓராண்டில் உங்கள் மகளுக்கு வேரிலிருந்து 12 சென்டிமீட்டர் அளவுக்குப் புதிய சுருள்முடி வந்திருக்கும். இதன்மேல் மறுபடியும் களிம்பு பூசினால், பழைய நேர்முடியும் புதிய முடியும் சேருகிற இடத்திலேயே ரசாயனம் இரண்டாம் முறை ஏறி, அந்த வரியில் முடி முறிந்து விழுவதை நான் பலர் தலையில் பார்த்திருக்கிறேன்.

கெரட்டின் என்றும் புரோட்டீன் என்றும் இனிமையான பெயர்களில் விற்கப்படுபவற்றில் பலவும் பார்மால்டிஹைடைக் கொண்டவை, அல்லது சூடேறும்போது அதை வெளிவிடுபவை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்திவிட்டது. அதற்கு மாற்றாக வந்த கிளைஆக்சிலிக் அமிலம் கலந்த களிம்புகளைப் பூசிய பின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதாகவும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் வந்துள்ளன. வளரும் வயதுப் பிள்ளைக்கு இவை எதையும் நான் செய்வதில்லை. கேட்டு வருகிறவர்களிடம் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

இனித் தண்ணீருக்கு வருகிறேன், ஏனென்றால் டெல்டாவில் முடியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எண்ணெயைப் பற்றியே பேசிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். திருவையாறு காவிரிக் கரையிலேயே இருக்கும் ஊர். மணற்பாங்கான படுகையில் ஊறும் நிலத்தடி நீர் அங்கே பெரும்பாலும் நன்னீர். திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, வேதாரண்யம் என்று கடைமடைக்கு வர வர, கடல் பக்கமிருந்து உப்பேறிய நிலத்தடி நீர் பல இடங்களில் போர் குழாயில் வருகிறது. அந்தத் தண்ணீரில் சாதாரண உப்போடு கால்சியம், மக்னீசியம் உப்புகளும் சேர்ந்திருக்கும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம். குடிப்பதற்கு ஏற்கத்தக்கது என்று சொல்லப்படும் தண்ணீரே தலைமுடிக்குக் கடுமையாக இருக்கக்கூடும் என்பது இதிலிருந்து புரியும்.

முடியின் மேற்பரப்பு, நாட்டு ஓடு வேய்ந்த கூரையைப் போல, ஒன்றன் மேல் ஒன்று படிந்த மெல்லிய செதில்களால் ஆனது. செதில்கள் படிந்திருந்தால் முடி வழுவழுப்பாக இருக்கும். தூக்கிக்கொண்டால் ஒரு முடி மற்றொன்றில் மாட்டிச் சிக்காகும். கடின நீரிலுள்ள கால்சியம் இந்தச் செதில்களின் மேல் ஒட்டிப் படிகிறது. அதோடு சோப்பும் சேர்ந்தால் இரண்டும் கலந்து, நீரில் கரையாத வெள்ளைக் கசடாகி முடியிலேயே தங்கிவிடுகிறது. நேர்முடிக்கு இது மங்கலைத் தருவதோடு நின்றுவிடும். சுருள்முடிக்கோ இது பெருந்தொல்லை, ஏனென்றால் தலைத்தோலில் சுரக்கும் இயற்கையான எண்ணெய்ப்பசை வளைவு வளைவாக இறங்கி நுனிவரை போய்ச் சேருவது அரிது. நுனி எப்போதுமே வறண்டு, செதில்கள் தூக்கியபடி இருக்கும். அதன் மேல் உப்பும் படிந்தால் நீங்கள் சொல்கிற அந்த முரட்டுத்தனம் வந்துவிடும்.

உங்கள் வீட்டுத் தண்ணீரை நீங்களே சோதிக்கலாம். ஒரு தெளிவான கண்ணாடிப் புட்டியில் பாதியளவு போர் தண்ணீரும், இன்னொன்றில் அதே அளவு மழைநீரும் எடுத்து, இரண்டிலும் சலவை சோப்பைச் சீவிச் சம அளவில் போட்டுக் குலுக்குங்கள். நுரை குறைவாக வந்து வெள்ளையாகத் திரிதிரியாக மிதந்தால் அது கடின நீர். வெந்நீர் அண்டாவின் உட்புறத்தில் படியும் வெள்ளைப் பொருக்கும் அதே சாட்சியைத்தான் சொல்லும்.

வீட்டுத் தண்ணீர் முழுவதையும் மாற்ற முடியாது. மாற்ற வேண்டியதும் இல்லை. தலைக்குக் குளிக்கும் நாளில் கடைசியாக ஊற்றும் ஒரு வாளித் தண்ணீர் மட்டும் நல்ல தண்ணீராக இருந்தால் போதும். கொள்ளிடத்திலிருந்து வரும் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருவுக்கு வருமானால் அதில் ஒரு வாளி எடுத்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைநீரை, முதல் மழையில் மாடி கழுவிப் போன பிறகு, துணியில் வடிகட்டிப் பிடித்து வைக்கலாம். முடிக்கு அதைவிட மென்மையான நீர் இல்லை. இவை கிடைக்காத நாட்களில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேலாக எடுத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதி போய்விடும். ஆனால் நீர் வாயில் வைத்தால் கரிக்கிற அளவுக்கு இருந்தால் கொதிக்கவைத்துப் பயனில்லை, உப்பு இன்னும் செறிவாகத்தான் ஆகும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரை வீணாக்கக் கூடாது என்று வாளியில் பிடித்துத் தலைக்கு ஊற்றுகிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. எண்ணம் நல்லதுதான். ஆனால் வடிகட்டி ஒதுக்கிய உப்பு முழுவதும் அந்த நீரில்தான் இருக்கிறது. அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே படிந்திருக்கும் உப்பை எடுக்க, மாதத்துக்கு இரண்டு முறை, ஒரு செம்பு நல்ல தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வினிகரையோ வடிகட்டிய எலுமிச்சைச் சாற்றையோ கலந்து, தலைத்தோலில் புண் எதுவும் இல்லாதபோது, முடியின் மேல் ஊற்றி இரண்டு நிமிடம் கழித்து அலசுங்கள். அமிலத்தன்மை உப்பைக் கரைப்பதோடு செதில்களையும் படியவைக்கும். அளவைக் கூட்டினால் நன்மை கூடாது, எரிச்சல்தான் வரும். ஷாம்பு வாங்கும்போது பொருட்பட்டியலில் ஈடிடிஏ என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு நீரோடு போய்விடும்.

எண்ணெயைப் பற்றி. வெள்ளி, செவ்வாயில் பெண்களுக்கு எண்ணெய்க் குளியல் என்ற நம் வழக்கம் சுருள்முடிக்கு மிகவும் பொருந்துவது. நாம் வாரம் முழுவதும் தலையில் எண்ணெயைத் தேக்கி வைப்பதுதான் பொருந்தாதது. தேங்காய் எண்ணெயிலுள்ள லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள்ளேயே ஊடுருவக்கூடியது. தாது எண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் ஒப்பிட்டு 2003இல் வெளியான இந்திய ஆய்வொன்று, கழுவும்போது முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைத் தேங்காய் எண்ணெயே குறைத்தது என்று காட்டியது. ஆகவே எண்ணெய் குளிப்பதற்கு முன் தேவைப்படுவது. முந்தின இரவோ, குறைந்தது ஒரு மணி நேரம் முன்போ, காதுக்குக் கீழே நுனிவரை தாராளமாகவும் தலைத்தோலில் குறைவாகவும் தேய்த்துவிடுங்கள். பொடுகு இருந்தால் தலைத்தோலில் வேண்டவே வேண்டாம், ஏனென்றால் பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்தான் உணவு. நல்லெண்ணெய் குளிர்ச்சி என்று பாட்டிமார் சொல்வதை நான் மறுக்கவில்லை; ஆனால் அதைப் போக்க நிறையச் சீயக்காய் தேய்க்க வேண்டியிருப்பதால், வறண்ட சுருளுக்குத் தேங்காய் எண்ணெயே மேல் என்பது என் கருத்து.

சீயக்காய் நல்ல பொருள். ஆனால் அரைத்த தூளை அப்படியே தலையில் கொட்டித் தேய்த்தால், சுருள்களுக்கிடையே துகள்கள் சிக்கி, அவற்றை எடுக்கும் முயற்சியிலேயே முடி அறுந்துபோகும். சீயக்காயையும் பூந்திக்கொட்டையையும் ஊறவைத்துக் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டிய நீரை மட்டும் பயன்படுத்துங்கள். சோறு வடித்த கஞ்சியில் சீயக்காயைக் கரைத்துத் தேய்த்த பழைய முறையில் ஒரு நுட்பம் இருந்தது: கஞ்சியின் வழவழப்பு உராய்வைக் குறைத்தது. கஞ்சியை மட்டும் தனியாக வாரம் பலமுறை தடவும் இன்றைய மோகத்தை நான் ஊக்குவிப்பதில்லை, ஏனென்றால் மாவுப்பொருள் முடியில் படிந்து விறைப்பாக்கிவிடும். என்னைக் கேட்டால், நம் கொல்லையில் கிடைப்பவற்றில் சுருள்முடிக்கு இணையற்றது செம்பருத்தி இலை. இரண்டு கைப்பிடி இலையைத் தண்ணீர் விட்டு அரைத்து, மெல்லிய துணியில் பிழிந்தால் வரும் கொழகொழப்பான சாறு, கழுவவும் செய்யும், சிக்கையும் இளக்கும். அரப்புத் தூளும் சீயக்காயைவிட மென்மையானதுதான். அதையும் வடிகட்ட வேண்டும்.

கடை ஷாம்பு என்றால் தலைத்தோலுக்கு மட்டும், அதுவும் வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை. நுரை வழிந்து இறங்குவதே நுனிக்குப் போதுமானது; முடி முழுவதையும் உச்சியில் சுருட்டி வைத்துக் கசக்குவதை நிறுத்திவிடுங்கள். அதன் பிறகு கண்டிஷனர். நேர்முடிக்காரர்கள் போடுவதைப் போல இரண்டு மடங்கு தேவைப்படும், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். விலை கூடியதுதான் வேலை செய்யும் என்பதில்லை.

சிக்கெடுப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், மகளின் கண்ணீரில் பெரும்பகுதி இதில்தான் போயிருக்கும். காய்ந்த சுருள்முடியில் சீப்பு வைக்கவே கூடாது. கண்டிஷனரோ செம்பருத்திச் சாறோ தலையில் இருக்கும்போதே, முடியை நான்கைந்து பாகமாகப் பிரித்து, முதலில் விரல்களாலும் பிறகு அகலப் பல் சீப்பாலும், நுனியிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வர வேண்டும். உச்சியில் சீப்பை ஊன்றி ஒரே இழுப்பாகக் கீழே கொண்டுவருவது, வழியிலுள்ள சிக்குகளையெல்லாம் ஒன்றாகத் திரட்டி முடிச்சாக்கும். இழுக்கும் இடத்துக்கு மேலே முடியை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டால் தலைத்தோலில் வலி தெரியாது. பள்ளியில் பேன் தொற்றி வந்தால் பேன் சீப்பையும் இதே நிலையில்தான், அகலப் பல் சீப்பு முழுவதும் ஓடிய பிறகு, பயன்படுத்த வேண்டும். சிக்கெடுக்கும்போது கையோடு வரும் முடியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் இயல்பு. சுருள்முடியில் உதிர்ந்தவை கீழே விழாமல் சுருள்களுக்குள்ளேயே தங்கி, குளிக்கும் நாளில் மொத்தமாக வரும்.

குளித்து வந்ததும் துண்டால் தலையை அடித்து உலர்த்தும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அதை விட்டுவிடுங்கள். துருக்கித் துண்டின் கண்ணிகள் சுருளைப் பிய்த்துவிடும்; பழைய வேட்டியோ நன்றாகத் துவைத்து மென்மையான ஈரிழைத் துண்டோ எடுத்து, தலையைக் குனிந்து, சுருள்களை உள்ளங்கையில் ஏந்தி மேல்நோக்கி ஒற்றி எடுக்க வேண்டும். முடி இன்னும் சொட்டுகிற ஈரத்தில் இருக்கும்போதே ஆளிவிதைக் கூழைத் தடவினால் சுருள்கள் கொத்துக்கொத்தாகச் சேர்ந்து நிற்கும். கால் கோப்பை ஆளிவிதையை இரண்டு கோப்பைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, முட்டையின் வெள்ளைக்கரு பதம் வந்ததும் சூடாக இருக்கும்போதே வடிகட்டுங்கள், ஆறினால் வடியாது. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் இருக்கும். தடவிய பிறகு காயும்வரை கை வைக்கக் கூடாது, இதுதான் பலராலும் முடியாத காரியம். காய்ந்ததும் முடி கொஞ்சம் விறைப்பாக இருக்கும். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு மெல்லக் கசக்கிவிட்டால் விறைப்பு உடைந்து சுருள் மட்டும் நிற்கும். சாம்பிராணிப் புகை காட்டலாம், தணல் சூடு படாத தூரத்தில். மூச்சிரைப்பு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் வேண்டாம்.

பருவத்துக்கேற்ப ஒரு சிறு மாற்றம் தேவைப்படும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் உங்கள் பக்கக் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது, கிளிசரினும் தேனும் கலந்தவை காற்றிலுள்ள ஈரத்தை முடிக்குள் இழுத்து இன்னும் பரந்துபோகச் செய்யும்; அப்போது அவற்றைத் தவிர்த்துவிட்டுக் கூழைச் சற்றுக் கூடுதலாகப் பூசலாம். கத்தரி வெயிலில் கண்டிஷனரைக் கூட்ட வேண்டும்.

பள்ளிக்கு இரட்டைப் பின்னல் கட்டாயம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சுருள்முடிக்குக் கெடுதலானது அல்ல, இறுக்கம்தான் கெடுதல். நெற்றியோரத்திலும் பொட்டுப் பக்கத்திலும் தோல் இழுபடும்படி ஆண்டுக்கணக்கில் பின்னி மடித்துக் கட்டினால், அங்கே முடி முளைப்பதே நின்றுபோகலாம். காலையில் காய்ந்த தலையை வாராமல், தண்ணீரில் சிறிது கண்டிஷனர் கலந்து தெளிப்பானில் நிரப்பித் தெளித்து, விரலால் பிரித்துத் தளர்வாகப் பின்னுங்கள். ரப்பர் பேண்டுக்குப் பதில் துணி சுற்றியதைப் போடுங்கள். முன்நெற்றியில் எழும்பும் சிறு முடிகளுக்கு ஒரு விரல் ஆளிவிதைக் கூழ் போதும். எண்ணெய் வழியத் தடவுவதால் அவை அடங்குவதில்லை, புழுதிதான் ஒட்டும்.

இரவில் பருத்தித் தலையணை உறை முடியின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வீட்டில் கிழிந்துபோன பழைய பட்டுப்புடவை இருந்தால், திருபுவனமோ எதுவோ, சரிகையில்லாத உடல் பகுதியில் ஓர் உறை தைத்துவிடுங்கள். முடியை உச்சியில் தளர்வாகச் சேர்த்துக் கட்டிவிட்டுப் படுத்தால் மறுநாள் காலையில் சுருள் நசுங்காது.

இதுவரை சொன்னவை கைவேலை. மகள் தன் முடியை வெறுக்கிறாள் என்பது இவற்றைவிடக் கனமான விஷயம், அது வீட்டுப் பேச்சிலிருந்து தொடங்கியிருக்கக்கூடும். பரட்டை, குருவிக்கூடு என்று அன்பாகவே சொல்லியிருப்பீர்கள்; நாள்தோறும் கேட்கும் பிள்ளைக்கு அதில் அன்பு கேட்காது, குறை மட்டும்தான் கேட்கும். அந்தச் சொற்களை இன்றோடு நிறுத்திவிடும்படி பெரியவர்கள் எல்லோரிடமும், குறிப்பாக அத்தைமாரிடமும் மாமாக்களிடமும், நீங்களே நேரில் சொல்லுங்கள். அவள் சொல்ல வேண்டிய நிலைக்கு விடாதீர்கள். சுருட்டை முடி சோறு போடும் என்று நம் ஊரில் ஒரு வாக்கு உண்டு. அதன் மறுபாதி கோரை முடியைப் பழிக்கிறது, அதனால் அதை நான் முழுதாகச் சொல்வதில்லை. ஆனாலும் சுருளைக் குறையாகப் பார்ப்பது நம் பழைய வழக்கம் அல்ல என்பதற்கு அது சான்று. குறுந்தொகையின் 116ஆம் பாட்டில் தலைவன் தன் காதலியின் கூந்தலுக்குச் சோழர் உறந்தைப் (இன்றைய உறையூர்) பெருந்துறையில் நீர் வடிந்த நுண்மணலின் அலைவரிகளை உவமை சொல்கிறான். அது நம் காவிரி மணல்தான். தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்கு அவளை அழைத்துச் சென்று, சோழர் காலச் செப்புத் திருமேனிகளை முன்னால் மட்டும் பார்த்துவிட்டு வராமல், இடம் கிடைக்கிற இடத்தில் பின்புறமும் பார்க்கச் சொல்லுங்கள். பிடரியில் சுருள் சுருளாக இறங்கும் முடியை அந்தச் சிற்பிகள் எவ்வளவு பொறுமையோடு செய்திருக்கிறார்கள் என்று அவளே பார்க்கட்டும்.

இவற்றைவிடவும் பலன் தருவது, வாரம் ஒரு நாள் தலைக்குளியலை அவளே முழுதும் செய்து முடிப்பது. சிக்கெடுப்பதை நீங்கள் செய்யும்வரை அது அவளுக்குத் தண்டனை; எந்தச் சுருள் எப்படி மடங்குகிறது, காதுக்குப் பின்னால் ஏன் இறுக்கமாகவும் உச்சியில் ஏன் தளர்வாகவும் இருக்கிறது என்பது அவள் விரலுக்குத் தெரிந்துவிட்டால் அது அவளுடைய முடியாகிவிடும். என்னிடம் வரும் பெண்களிடம் நான் கண்டது இது: பிடித்துப் போய்ப் பராமரிக்கத் தொடங்கியவர்கள் குறைவு, பராமரிக்கப் பழகிய பிறகு பிடித்துப் போனவர்களே மிகுதி.

திருமணத்துக்கு வருவோம். தையில் சித்தி கல்யாணத்தில் மகளுக்குப் பூ வைத்துப் பின்னல் போட வேண்டும் என்றால் சுருள் தடையே அல்ல. நேர்முடியில் கொண்டை ஊசி வழுக்கும், கனகாம்பரச் சரம் இறங்கிக்கொண்டே வரும்; சுருள்முடியில் இரண்டும் பிடித்தபடி நிற்கும். பின்னலும் சவுரி வைக்காமலே தடிமனாக வரும். அலங்காரம் செய்பவர் முதல் வேலையாக இரும்புத் தகட்டைச் சூடேற்றினால், வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முந்தின நாள் தலை குளித்து, கூழ் தடவிக் காயவிட்ட முடியில் நேரடியாகப் பின்னச் சொன்னால் போதும்.

கடைசியாக, இப்போதுள்ள இரண்டுங்கெட்டான் நிலை. நேராக்கப்பட்ட பகுதி மறுபடியும் சுருளாது. வளர்ந்து வெளியேறத்தான் வேண்டும். தைக்கு இன்னும் ஆறு மாதம் இருப்பதால் அதற்குள் புதிய சுருள் ஏறக்குறைய 18 சென்டிமீட்டராகிவிடும், சுருண்டிருக்கும்போது பார்வைக்கு அது பாதியாகத் தெரியலாம். ஒரேயடியாக வெட்டிவிட அவள் சம்மதித்தால் உடனே விடுதலை. சம்மதிக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு விரற்கடை மட்டும் குறைத்துக்கொண்டே வரலாம். அதுவரை குளித்த ஈரத்திலேயே நுனிப்பகுதியைச் சிறுசிறு பின்னல்களாகப் போட்டுக் காயவிட்டு அவிழ்த்தால், நேர்முடியும் அலையலையாகி மேலேயுள்ள சுருளோடு பொருந்திப் போகும். இரண்டும் சேருகிற இடம்தான் முறியும் இடம் என்பதால் அங்கே கண்டிஷனரை நிறுத்தி நிதானமாகத் தேய்க்க வேண்டும், சீப்பை அங்கே இழுக்கக் கூடாது. வெட்டும்போது முடி காய்ந்து சுருண்ட நிலையிலேயே வெட்டச் சொல்லுங்கள். ஈரத்தில் நீளமாகத் தெரிவதை அளந்து வெட்டினால் காய்ந்த பிறகு எதிர்பார்த்ததைவிட மிகவும் மேலே ஏறிவிடும். அடர்த்தியைக் குறைக்கிறேன் என்று பல் வைத்த கத்தரிக்கோலை எடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதனால் வெவ்வேறு நீளத்தில் குட்டை முடிகள் எழும்பி நின்று, அவை நீண்டு மற்றவற்றோடு சேர ஓராண்டுக்கு மேல் ஆகும்.